ஈயிடம் பாடம் கேட்ட பேராசிரியர்

பண்ணுருட்டியை அடுத்துக் கெடில நதிக்கரையில் இருக்கும் திருவதிகை அட்ட வீரட்டங்களுள் ஒன்றென்று புகழ் பெற்ற ஊர். சித்திரை பிறந்துவிட்டால் அவ்வூரிலும் சுற்றுப்புறங்களிலும் பலாப்பழத்தின் மணம் வீதியெங்கும் பரவி நிற்கும். பழத்தைப் பிளந்து சுளை எடுத்தபின் எறியப்பட்ட சக்கையின்மீது, ஒரு நாழிகைக்குள், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் சின்னஞ் சிறு ஈக்கள் வந்து மொய்ப்பதைக் காணாதவர் அப்பக்கத்தில் இல்லை. அதை நாம் கையால் விலக்கிவிட்டு நம் காரியத்தைப் பார்க்கிறோம். அங்கிருந்து சில காத தூரத்தில், பூமிக்கடியில் புதைந்து கிடந்த பழுப்பு நிலக்கரியைத் தோண்டுவதற்காக 1956-ம் வருஷத்தில் நெய்வேலியில் பெரியதொரு ஸ்தாபனம் எழுந்தது. நிலத்துள் மறைந்த செல்வத்தின் மதிப்பு எல்லோருக்கும் விளங்கும். பழச்சக்கையின்மீது பறக்கும் ஈயில் மறைந்திருந்த செல்வத்தை உலகிற்கு எடுத்துக் கொடுத்தவர் ஒருவர் உண்டு. அவரே தாமஸ் ஹண்ட் மார்கன். அவருடைய சரித்திரத்தை நம் நேயர்கள் அறிந்திருத்தல் நலம்.

முதலில் ஒரு மயக்கத்தை நீக்கிக்கொள்ள வேண்டும். மாங்காயைத் துளைத்து உள்ளே முட்டையிட்டுக் குடியானவனுக்கு நஷ்டம் விளைக்கும் பழ ஈ வேறு. நாம் கூறும் ஈ வேறு. இது பழுத்துப் புளிக்கத் தொடங்கிய பழத்தை நாடி வருவது. சிவந்த கண்களை உடையது. அதன் நீளம் சுமார் இரண்டரை மில்லிமீட்டர். சாஸ்திரக்காரர் இதற்கு இட்ட பெயர் டிரோஸோபிலா.

மார்கன் அமெரிக்காவில் கென்டக்கி மாகாணத்து லெக்ஸிங்டன் நகரில் 1866-ம் வருஷம் செப்டம்பர் மாதம் 25-ந் தேதி பிறந்தார். அடிமை முறையின் பொருட்டு வட பகுதியும் தென் பகுதியும் மோதிய உள்நாட்டு யுத்தம் முடிந்து அப்பொழுது ஓராண்டே ஆகியிருந்தது. அவருடைய பெரிய தகப்பனார் ஜான் ஹண்ட் மார்கன் தென்பகுதிப் படையில் குதிரை வீரர்களுக்குத் தலைமை வகித்துப் பெயர் பெற்றவர். தாய்வழியில், அமெரிக்காவின் தேசிய கீதத்தை இயற்றிய பிரான்ஸிஸ் ஸ்காட் கீயின் வம்சம். குலப்பெருமையும் யுத்த நினைவும் நிறைந்த வீட்டில் வளர்ந்த அச்சிறுவனுக்கு அவற்றில் ஈடுபாடு உண்டாகவில்லை. பறவை முட்டைகளையும் பூச்சிகளையும் கல்லில் பதிந்த பழைய உயிர்களின் அச்சுகளையும் தேடித் திரிவதே அவனுக்கு விருப்பமாயிருந்தது. குலத்தின் கீர்த்தியைப் பேசிக் காலம் கழிக்கக்கூடிய வீட்டில் பிறந்தவர், பிற்காலத்தில் பிறப்பு என்பது எவ்வளவு தூரம் செல்லும், எங்கே நின்றுவிடும் என்பதை அளந்து கூறுபவராக விளங்கியது கவனிக்கத்தக்கது.

கென்டக்கிக் கல்லூரியில் 1886-ல் பட்டம் பெற்றுப் பால்டிமோரிலுள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஸர்வகலாசாலையை அடைந்தார். கடல் சிலந்தி என்னும் பிராணியின் கருவளர்ச்சியை ஆராய்ந்து 1890-ல் டாக்டர் பட்டம் பெற்றார். மறுவருஷம் பிரின் மார் என்ற பெண்கள் கல்லூரியில் ஆசிரியரானார். இவ்விஷயத்தை நாம் மறத்தலாகாது: ஈயின் பெயரோடு இணைத்துப் பேசப்படும் மார்கன் அடிப்படையில் கருவளர்ச்சி சாஸ்திரத்தைப் பயின்றவர். ஒரே ஒரு முட்டையிலிருந்து தலையும் காலும் குடலும் நரம்பும் தத்தம் இடத்தில் தவறாமல் எவ்வாறு தோன்றுகின்றன என்ற கேள்வியே அவரை ஆயுள் முழுவதும் ஆட்கொண்டிருந்தது.

அக்காலத்தில் அக்கேள்வியைப் பற்றி ஜெர்மானிய அறிஞரிடையே பெரும் விவாதம் நடந்து கொண்டிருந்தது. தவளை முட்டை முதன்முறை இரண்டாகப் பிரிந்ததும் அவ்விரண்டில் ஒன்றைச் சுட்ட ஊசியால் குத்திக் கொன்றார் வில்ஹெல்ம் ரூ. எஞ்சியது பாதிக் கருவாகவே வளர்ந்தது. ஆகையால் ஒவ்வொரு பாகத்தின் விதியும் ஆரம்பத்திலேயே பங்கிடப்பட்டுவிட்டது என்று அவர் முடிவு கட்டினார். கடல் முள்ளியின் முட்டையை எடுத்துக்கொண்ட ஹான்ஸ் டிரீஷ் இரண்டு பாகங்களையும் குலுக்கிப் பிரித்தார். ஒவ்வொன்றும் முழு உயிராகவே வளர்ந்தது. மார்கன் 1894-ல் இத்தாலியிலுள்ள நேப்பிள்ஸ் கடலாராய்ச்சி நிலையம் சென்று டிரீஷுடன் கூடி உழைத்தார். ரூ செய்த சோதனையைத் தாமே மீண்டும் செய்து பார்த்தார். குத்தியபின் முட்டையைத் தலைகீழாகத் திருப்பி வைத்தால், அந்தத் தவளை முட்டையிலிருந்தே சிறியதாயினும் முழுமையான கரு உண்டாகலாம் என்று கண்டார். பெரியவர் கூறிவிட்டார் என்பதற்காக நம்பிவிடாமல், கையால் செய்து கண்ணால் காணும் பழக்கம் அன்று முதல் அவருக்கு மதமாயிற்று.

1904-ல் நியூயார்க் கொலம்பியா ஸர்வகலாசாலை அவரை அழைத்துக்கொண்டது. அவ்வருஷமே லிலியன் வான் ஸாம்ப்ஸன் என்ற பெண்மணியை மணந்தார். அவ்வம்மையாரும் கருவளர்ச்சியை ஆராய்ந்தவரே. நான்கு குழந்தைகளை வளர்த்து ஆளாக்கியபின் மீண்டும் ஆராய்ச்சிச் சாலைக்கு வந்து, இரண்டு குரோமொசோம்கள் ஒன்றாக ஒட்டிக்கொண்ட ஈ வகையைத் தாமே கண்டுபிடித்தவர். அவ்வகை இன்றளவும் ஆராய்ச்சியில் பயன்பட்டு வருகிறது. கணவருடைய கீர்த்தியின் நிழலில் மறைந்துபோன இத்தகையோரை நினைவு கூர்தல் சரித்திரம் எழுதுவோரின் கடமை.

அந்நாளில் பரம்பரையைப் பற்றிய விஞ்ஞானம் மிகுந்த பரபரப்பில் இருந்தது. மெண்டல் என்ற பாதிரியார் பட்டாணிச் செடிகளைக் கொண்டு கண்ட விதிகள் 1900-ல்தான் மீண்டும் வெளிச்சத்திற்கு வந்தன. உயிரணுக்களின் உள்ளே காணப்படும் குரோமொசோம் என்னும் நூல்களே பரம்பரைக் குணங்களைச் சுமக்கின்றன என்று சிலர் வாதித்தனர். மார்கன் இவ்விரண்டையும் நம்பவில்லை. தோன்றிய குணம் ஒவ்வொன்றுக்கும் கண்காணாத ஒரு காரணத்தைக் கற்பித்துக்கொள்வது எளிது என்றும், அது விஞ்ஞானமாகாது என்றும் 1909-ல் பகிரங்கமாகவே கண்டித்தார். அவருடைய ஆட்சேபம் பொறாமையால் எழுந்ததன்று. சான்று போதாது என்பதே அவர் கட்சி.

இந்தச் சந்தேகக்காரரின் கையில் ஈ வந்து சேர்ந்தது. காரணம் சிக்கனமே. ஈக்கு உணவு கனிந்த வாழைப்பழம். வீடு ஒரு பால் புட்டி. தக்க வெப்பத்தில் பத்து நாளில் ஒரு தலைமுறை முடிந்து அடுத்தது பிறந்துவிடும். ஒரு தாய் நூற்றுக்கணக்கில் முட்டையிடும். மாட்டையும் மனிதனையும் கொண்டு நூறு வருஷத்தில் காண இயலாததை ஈயைக் கொண்டு ஓராண்டில் காணலாம். பதினாறடி அகலமும் இருபத்து மூன்றடி நீளமும் கொண்ட ஓர் அறையில் எட்டு மேஜைகளைப் போட்டுக்கொண்டு மார்கனும் மாணவரும் உழைத்தனர். அழுகிய பழத்தின் வாடை வீசிய அவ்வறைக்கு ஈயறை என்றே பெயர் வழங்கலாயிற்று. இன்று விஞ்ஞான சரித்திரத்தில் அரண்மனைகளுக்கு இல்லாத புகழ் அவ்வறைக்கு உண்டு.

இரண்டு வருஷம் ஈக்களை வளர்த்தும் குறிப்பிடத்தக்க மாறுதல் ஒன்றும் கிட்டவில்லை. 1910-ல் ஒரு நாள் சிவந்த கண்ணுடைய கூட்டத்தின் நடுவே வெள்ளைக் கண்ணுடன் ஓர் ஆண் ஈ தோன்றியது. அதைச் செங்கண் பெண் ஈக்களோடு சேர்த்தார். பிறந்த 1,240 குட்டிகளும், மூன்று விலக்குகள் தவிர, செங்கண் உடையனவாகவே இருந்தன. அவற்றைத் தமக்குள்ளே சேர்த்தபொழுது, பேரக்குழந்தைகளில் வெள்ளைக் கண் மீண்டும் வந்தது. ஆனால் ஆண்களிடத்தில் மட்டுமே வந்தது. பெண் ஈக்கு எக்ஸ் என்னும் குரோமொசோம் இரண்டு, ஆணுக்கு ஒன்றே, அந்த ஒன்றும் தாயிடமிருந்து வருவது. கண்ணின் நிறத்தை நிர்ணயிக்கும் காரணம் அந்த எக்ஸ் நூலில் அமர்ந்திருக்கிறது என்று கொண்டால் எல்லாம் பொருந்தும். வேறெப்படிக் கொண்டாலும் பொருந்தாது. மார்கன் தயங்கினார், மேலும் சோதித்தார், பின்பு தாம் எதிர்த்து வந்த மெண்டல் விதியையும் குரோமொசோம் கொள்கையையும் ஒருங்கே ஏற்றுக்கொண்டார்.

கொள்கை மாறுதல் திருவதிகைக்குப் புதிய செய்தியன்று. ஒரு சமயத்தில் தலைமை வகித்திருந்த நாவுக்கரசர், தமக்கையார் திலகவதியார் தொண்டு செய்திருந்த அவ்வூருக்கே திரும்பி வந்து வேறு நெறியில் நின்றதைத் தமிழ்நாடு அறியும். அங்கே மாற்றியது சூலைநோயும் தமக்கையின் அன்பும். இங்கே மாற்றியது ஓர் ஈயின் கண். ஐம்பது வயதை நெருங்கும் பேராசிரியர், தாம் அச்சிலேற்றிய கருத்து பிழையென்று உலகறியச் சொல்வது இலேசான காரியமன்று. அதற்கு வேண்டிய மனத்திண்மை யுத்தகளத்தில் வேண்டுவதைவிடச் சிறியதென்று நாம் எண்ணவில்லை.

அதன்பின் கண்டுபிடிப்புகள் வெள்ளம்போல் வந்தன. ஒரே நூலில் அமர்ந்த குணங்கள் பெரும்பாலும் கூடியே செல்கின்றன; சில சமயம் பிரிகின்றன. இரண்டு கயிறுகள் முறுக்கிக்கொண்டு அறுந்து துண்டு மாறி ஒட்டிக்கொள்வதுபோல் குரோமொசோம்களும் துண்டு மாறுகின்றன. அருகருகே இருக்கும் இரு முடிச்சுகள் பிரிவது அரிது. தொலைவில் இருப்பவை எளிதில் பிரியும். ஆகவே எத்தனை முறை பிரிகின்றன என்று எண்ணினால் தூரத்தை அளக்கலாம். கல்லூரி மாணவராயிருந்த ஆல்பிரட் ஸ்டர்டிவன்ட், மார்கன் கூறிய இக்கருத்தைப் பிடித்துக்கொண்டு, பாடங்களை ஒதுக்கி வைத்து, ஒரே இரவில் குரோமொசோமுக்கு முதல் படம் வரைந்தார். அது 1913-ல் அச்சாயிற்று. கால்வின் பிரிட்ஜஸ், ஹெர்மன் முல்லர் ஆகிய மற்ற மாணவரும் இவ்வாறே பெரும் பணி செய்தனர். நால்வரும் சேர்ந்து எழுதிய நூல் 1915-ல் வெளிவந்தது. மாணவர் ஆசிரியரை மறுத்துப் பேசலாம். சான்று எவரிடம் உண்டோ அவர் சொல்லே நிற்கும் என்பது ஈயறையின் சட்டம். ஆயினும் ஒன்றும் மறைக்கலாகாது: யார் யோசனை யாருடையது என்பதில் தமக்குரிய மதிப்புக் கிட்டவில்லை என்ற மனக்குறை முல்லருக்கு இறுதிவரை இருந்தது.

நூலின் தூரத்தை அளக்கும் அளவைக்கு மார்கன் என்றே பெயரிட்டவர் ஜே. பி. எஸ். ஹால்டேன். அவ்வறிஞர் 1957-ல் இங்கிலாந்தை விட்டு நம் தேசத்திற்குக் குடியேறி, இந்தியப் பிரஜையாகி, 1964-ல் புவனேசுவரத்தில் உயிர் நீத்தார்.

இனி, தேசத் தொண்டில் ஈடுபட்டோர் சிறப்பாகக் கவனிக்க வேண்டிய பகுதி ஒன்றுண்டு. பரம்பரை விஞ்ஞானம் வளர்ந்த அதே காலத்தில், உயர்ந்த பிறப்பு தாழ்ந்த பிறப்பு என்று மனிதரைப் பிரித்து, தாழ்ந்தோர் பெருகாமல் தடுக்க வேண்டும் என்ற இயக்கம் அமெரிக்காவில் ஓங்கியது. வறுமையும் குற்றமும் கல்வியின்மையும் இரத்தத்திலேயே வருவன என்று அவ்வியக்கத்தார் கூறினர். பல மாகாணங்களில் ஏழைகளையும் சித்த நோயாளிகளையும் பலவந்தமாக மலடாக்கும் சட்டங்கள் இயற்றப்பட்டன. பிறதேசத்தார் குடியேறுவதைக் குறைத்த 1924-ம் வருஷத்துச் சட்டத்திற்கும் இவ்வாதமே துணை நின்றது. பின்பு ஜெர்மனியில் இது எத்தகைய கொடுமையில் முடிந்தது என்பதை உலகம் கண்டது.

மார்கனும் தொடக்கத்தில் அத்தகைய குழுவொன்றில் பெயர் கொடுத்திருந்தவரே. ஆனால் 1915-ம் வருஷத்தளவில், சான்றில்லாத ஆரவாரம் மிகுந்துவிட்டதென்று கண்டு விலகிக்கொண்டார். 1925-ல் வெளியிட்ட நூலில், மனிதனுடைய அறிவையும் நடத்தையையும் பற்றிய இத்தகைய முடிவுகளுக்கு ஆதாரம் போதாதென்றும், வீட்டின் நிலையும் வளர்ப்பும் கல்வியும் செய்வதைப் பரம்பரையின்மேல் ஏற்றுதல் பிழையென்றும் விளக்கினார். ஈயின் கண் நிறத்தை நிர்ணயிப்பதற்கே எத்தனையோ காரணங்கள் கூட வேண்டியிருப்பதைக் கண்டவர் அவர். பரம்பரையைப் பற்றி உலகில் எவரினும் மிகுதியாக அறிந்த ஒருவரே, பிறப்பைக் கொண்டு மனிதனை அளக்காதீர் என்று எச்சரித்தார். பிறப்பினால் உயர்வு தாழ்வு கற்பித்து நெடுங்காலம் துன்புற்ற நம் நாட்டில், அவ்வெச்சரிக்கைக்கு உரிய இடம் இன்னும் உண்டு. அவர் அதை மேடையேறி முழங்கவில்லை. அடங்கிய குரலிலேயே கூறினார். இன்னும் உரக்கக் கூறியிருக்கலாம் என்று நாம் குறைப்படுவதில் தவறில்லை.

1928-ல் காலிபோர்னியாவில் பாஸடீனா நகரத்து விஞ்ஞானக் கழகத்தில் உயிரியல் பகுதியை நிறுவச் சென்றார். 1933-ல் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. பரம்பரை ஆராய்ச்சிக்காக அப்பரிசு பெற்ற முதல்வர் அவரே. வேலை மிகுதியென்று விழாவுக்குச் செல்லாமல், அடுத்த வருஷமே ஸ்டாக்ஹோம் சென்றார். பரிசுப் பணத்தில் ஸ்டர்டிவன்ட், பிரிட்ஜஸ் ஆகியோரின் குழந்தைகளுடைய கல்விக்கும் பங்களித்தார். ஆராய்ச்சிச் சாலைப் பணத்தில் ஒரு காசும் வீணாகாமல் காப்பவர், சொந்தப் பணத்தை மாணவருக்கு மறைவாக வழங்குபவர் என்பதை அவரோடு பழகியோர் அறிவர்.

புகழின் உச்சியிலும் இளமையில் எழுந்த கேள்வி அவரை விட்டு நீங்கவில்லை. 1934-ல் கருவளர்ச்சியையும் பரம்பரையையும் ஒருங்கே தலைப்பாகக் கொண்ட நூலொன்றை வெளியிட்டார். உடலின் ஒவ்வோர் அணுவிலும் ஒரே ஜீன் தொகுதி இருக்கையில், ஓரிடத்தில் கண்ணும் வேறோரிடத்தில் காலும் தோன்றுவானேன்? முட்டையின் வெவ்வேறு பகுதியிலுள்ள சத்து தொடக்கத்திலேயே வேறுபட்டிருக்கலாம். அவ்வேறுபாடு வெவ்வேறு ஜீன்களைத் தூண்டலாம். தூண்டப்பட்ட ஜீன்கள் மீண்டும் அச்சத்தை மாற்றலாம் என்று ஊகித்தார். ஊகத்தை நிரூபிக்கும் கருவி அவர் காலத்தில் இல்லை. ஈயின் முட்டையோ கசகசாவிலும் சிறியது. நீளம் அரை மில்லிமீட்டர். ஆயினும் அவர் நிறுவிய பகுதியிலேயே டொனால்டு பௌல்ஸன் என்ற இளைஞர், எக்ஸ் குரோமொசோமில் சிறு துண்டு குறைந்த ஈக்கருக்கள் வளர்ச்சியில் எவ்வாறு நிலை தவறி மடிகின்றன என்று 1930-களில் காட்டினார். வாயில் திறக்கும் ஓசை கேட்டது. உள்ளே நுழைவதற்குமுன், 1945-ம் வருஷம் டிசம்பர் மாதம் 4-ந் தேதி மார்கன் காலமானார்.

அவர் விட்டுச் சென்ற கேள்விக்கு அவருடைய ஈயே பின்னர் விடையளித்தது. ஈயின் முட்டை கருவுற்றதும் உட்கரு மட்டும் ஒன்பது நிமிஷத்திற்கு ஒரு முறையளவில் விரைந்து இரட்டிக்கிறது. இடையே சுவர் எழும்புவதில்லை. ஒன்பது முறை பிரிந்தபின் உட்கருக்கள் மேற்பரப்பை நோக்கிச் செல்கின்றன. வால் முனையை அடைந்த சில, வருங்காலச் சந்ததிக்கென்று முதலில் தனித்துவிடுகின்றன. பதின்மூன்று முறை பிரிந்து முடிந்ததும் சுவர்கள் இறங்கி, சுமார் ஆறாயிரம் அணுக்கள் கொண்ட ஒரே அடுக்கு தோன்றுகிறது. மூன்று மணி நேரத்தளவில் அடிவயிற்றில் ஒரு பள்ளம் விழுந்து, தசையாக வேண்டிய அணுக்கள் உள்ளே செல்கின்றன. பின்பு உடற்பட்டை நீண்டு முதுகின்மேல் மடிந்து, மீண்டும் சுருங்கி, கணுக்கணுவாகப் பிரிந்து, முதுகு மூடிக்கொள்கிறது. ஒரு நாளுக்குள் புழு வெளிவருகிறது. இவ்வளர்ச்சியை அறிஞர் இன்று பதினேழு கட்டங்களாக வகுத்துள்ளனர்.

பாஸடீனாவில் ஸ்டர்டிவன்டின் மாணவரான எட்வர்டு லூயிஸ், 1915-ல் பிரிட்ஜஸ் கண்ட விநோத ஈ வகையைப் பல்லாண்டு ஆராய்ந்து, எந்தக் கணு எந்த உறுப்பாக வேண்டும் என்பதை ஆளும் ஜீன்கள் நூலின்மீது உடலின் வரிசையிலேயே அமைந்திருப்பதைக் காட்டினார். கிறிஸ்டியான் நுஸ்லைன்-போல்ஹார்ட் என்ற பெண்மணியும் எரிக் வீஷௌஸும் ஹைடல்பர்க் நகரில் ஆயிரக்கணக்கான ஈ வம்சங்களைச் சோதித்து, கணுக்களை வகுக்கும் 15 ஜீன்களை 1980-ல் வெளியிட்டனர். தாய் ஈ முட்டையின் தலைமுனையில் வைத்தனுப்பும் சத்தே முதல் வேறுபாட்டை உண்டாக்கித் தலையின் இடத்தை நிச்சயிக்கிறது என்பது பின்னர்த் தெளிவாயிற்று. மார்கனுடைய ஊகம் மெய்ப்பட்டது. மூவரும் 1995-ல் நோபல் பரிசு பெற்றனர். உடலின் வரிசையை வகுக்கும் இதே இன ஜீன்கள் மனிதக் கருவிலும் உள்ளன.

நம் தேசமும் இவ்வாராய்ச்சியில் பின்தங்கி நிற்கவில்லை. வங்காளத்து ராய் சௌதுரி எடின்பரோவில் முல்லரிடம் பயின்று, மிகக் குறைந்த கதிர்வீச்சும் ஈயின் பரம்பரையை மாற்றும் என்று காட்டினார். 1962-ல் பம்பாய் டாட்டா ஆராய்ச்சி நிலையத்தில் பணி தொடங்கிய ஒபைத் சித்திக்கி, ஈயின் நரம்பையும் மோப்பத்தையும் ஆராய்ந்து ஒரு பெரிய மாணவர் பரம்பரையை உண்டாக்கினார். பெங்களூரில் அதன்பொருட்டுத் தேசிய நிலையமும் எழுந்தது.

பணமில்லை, கருவியில்லை என்று நாம் சோர்வதுண்டு. மார்கன் கையில் இருந்தவை பால் புட்டியும் வாழைப்பழமும் ஒரு பூதக்கண்ணாடியும். அவற்றோடு, தம் கருத்தையே முதலில் சந்தேகிக்கும் நேர்மையும் இருந்தது. புட்டியும் பழமும் பண்ணுருட்டிச் சந்தையில் கிடைக்கும். மற்றது எந்தச் சந்தையிலும் கிடையாது. பள்ளியிலும் பொதுவாழ்விலும் நாமே பயிர் செய்துகொள்ள வேண்டியது. அடுத்த முறை பலாச்சக்கையின்மேல் ஈ மொய்க்கும்பொழுது, அதை விரட்டுமுன் ஒரு கணம் குனிந்து நோக்கும் சிறுவனைத் திருவதிகைப் பெற்றோர் கடிந்துகொள்ளாதிருப்பாராக.